மறைஞ்ச ஆர்ட் கலெக்டரோட கலெக்‌ஷன்ல இருந்து லேண்ட்ஸ்கேப் பெயிண்டிங் வாங்குறது எப்படி

"தனியார் சேகரிப்பில் இருந்து, வாரிசுகள் விற்பனை" அப்படின்னு ஒரு வரி, கீழ ஒரு ஃபோட்டோ, அதுல ஒரு ஆறு, கரையில நாலு மரம், தூரத்துல நீலமா மலை, வலது மூலையில படிச்சும் படிக்க முடியாத ஒரு கையெழுத்து. இதை பாத்து உங்களுக்கு மனசு போயிடுச்சுன்னா பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கறதை ஒரு தடவை படிச்சுட்டு போங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். யார் வீட்டுல தொங்குச்சுங்கறது அந்த படம் நல்ல படமா இல்லையாங்கறதுக்கு பதில் ஆகாது. பெரிய பெரிய கலெக்டர் வீட்டுலயும் யாரோ குடுத்த கிஃப்ட்டு, டூர் போன இடத்துல ஆசைப்பட்டு வாங்கினது, டீலர் தலையில கட்டினது எல்லாம் நல்ல படத்துக்கு பக்கத்துலயே தான் தொங்கும், ஆள் போனதுக்கு அப்புறம் மொத்தத்துக்கும் "கலெக்‌ஷன்"னு ஒரே பேரு வந்துடும். நீங்க காசு குடுக்கறது படத்துக்கும் அதோட பேப்பருக்கும் மட்டும் தான் இருக்கணும், அந்த பேருக்கு இல்ல.

கதை

கலெக்டர் வீட்டு படம்னாலே ஒரு கதை கூட வரும். தாத்தா போருக்கு முன்னாடி ஓவியர் கிட்டயே நேரா வாங்கினாரு, அப்புறம் பரண்ல கிடந்துச்சு, இப்ப தான் கண்டுபிடிச்சோம், இந்த மாதிரி. சில நேரம் உண்மையாவும் இருக்கும். ஆனா பொய் சொல்றவனுக்கும் இதை விட வசதியான கதை கிடையாது, ஏன்னா கேள்வி கேக்கலாம்னா ஆளே உயிரோட இல்லையே.

ஜெர்மனியில வுல்ஃப்காங் பெல்ட்ராக்கி கேஸ் இதுக்கு சரியான பாடம். தானே வரைஞ்ச படங்களை 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்து பெரிய ஓவியர்கள் பேர்ல வித்தாரு, அதுக்கு கட்டின கதை என்னன்னா மனைவியோட தாத்தா ஒரு கலெக்டர், எல்லாம் அவர் சேர்த்து வச்சது, பரம்பரையா வந்துச்சுன்னு. ஆதாரத்துக்கு அந்த மனைவியே தன்னோட பாட்டி மாதிரி டிரஸ் பண்ணிட்டு உக்காந்து, பின்னாடி சுவத்துல அந்த போலி படங்களை மாட்டி, கருப்பு வெள்ளையில ஃபோட்டோ எடுத்து பழசு மாதிரி காட்டினாங்க. படத்து முதுகுல ஒரு பிரபலமான பழைய டீலரோட பேர்ல பொய் லேபிளும் ஒட்டியாச்சு. 1914ல ஹைன்ரிச் காம்பெண்டாங்க்னு ஒரு ஜெர்மன் ஓவியர் வரைஞ்சதுன்னு சொன்ன ஒரு படம் 2006ல ஏலத்துல 28 லட்சம் யூரோவுக்கு போச்சு, அப்புறம் லேப்ல பாத்தா அதுல டைட்டானியம் வெள்ளை இருக்கு, அந்த வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்ததே 1920 வாக்குல தான். 2011ல ஜெயில் தண்டனை ஆச்சு. நியூயார்க்ல 1846ல இருந்து நடந்த நோட்லர் கேலரி 2011ல கதவை மூடினதும் இதே மாதிரி ஒரு கதைக்கு பின்னாடி தான், பேர் வெளிய வரக்கூடாதுன்னு நினைக்கிற ஒரு கலெக்டர் குடும்பத்தோட படங்கள்னு சொல்லி வந்ததெல்லாம் ஒரே ஆள் வீட்டுல உக்காந்து வரைஞ்சதுன்னு தெரிய வந்துச்சு.

நீங்க வாங்கப் போற படம் கோடிக்கணக்குல இல்லன்னாலும் முறை ஒண்ணு தான். கதையை சந்தோஷமா கேளுங்க, டீ குடிச்சிட்டே கேளுங்க, ஆனா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பேப்பர் கேளுங்க.

எந்த பேப்பர்? முதல்ல விக்கிற உரிமை. உயில் இருக்கா, அதை நிறைவேத்துற பொறுப்பு யாருக்கு, கோர்ட் அனுமதி தேவைப்படுற இடம்னா அது வாங்கியாச்சா, நாலு வாரிசு இருந்தா நாலு பேருக்கும் சம்மதமா. மூத்த பையன் மட்டும் அவசரமா வித்துட்டு, ஆறு மாசம் கழிச்சு தங்கச்சி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா படம் உங்க சுவத்துல இருக்கும், பிரச்சனையும் உங்க வீட்டுல தான் இருக்கும். அந்த வீட்டு சுவத்துல தொங்கினதாலேயே அது அவரோட படம்னும் ஆகிடாது, மனைவி பேர்ல வாங்கினதா இருக்கலாம், ஃப்ரெண்டு கிட்ட இருந்து இரவல் வாங்கி மாட்டினதா இருக்கலாம், கடனுக்கு அடமானம் வச்சதா கூட இருக்கலாம். ரசீதுல விக்கிறவர் முழுப்பேரு, எந்த அதிகாரத்துல விக்கிறாரு, படத்தோட அளவு, ஃபோட்டோ, இதுல வேற யாருக்கும் உரிமை இல்லன்னு ஒரு வரி, எல்லாம் எழுதி வாங்கிக்கோங்க.

அடுத்தது அந்த சேகரிச்சவரே விட்டுட்டுப் போன பேப்பருங்க. உருப்படியா சேகரிச்ச ஆளுங்க பெரும்பாலும் ஒரு நோட்டோ கார்டு பெட்டியோ வச்சிருப்பாங்க, எங்க வாங்கினது, எவ்வளவு, எந்த வருஷம்னு. வாரிசுங்களுக்கு அது குப்பையா தெரியும், தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நீங்க கேட்டு பாத்துடணும். என்னை கேட்டா இருக்கறதுலயே ரொம்ப நம்பகமானது பழைய இன்ஷூரன்ஸ் லிஸ்ட், ஏன்னா விக்கணுங்கற எண்ணமே இல்லாத காலத்துல போட்டது. அடுத்தது வீட்டு விசேஷத்துல எடுத்த ஃபோட்டோ, யாரோ கேக் வெட்டுறாங்க, பின்னாடி சுவத்துல நம்ம படம் தெரியுது, இது தங்கம். ஆனா மேல சொன்ன பாட்டி ஃபோட்டோவையும் மறந்துடாதீங்க, ஒரே ஒரு ஃபோட்டோ மட்டும் இருந்தா போதாது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாத ரெண்டு மூணு ஆதாரம் ஒரே விஷயத்தை சொல்லணும்.

லேண்ட்ஸ்கேப்ல இன்னொரு தலைவலி இருக்கு, அது போர்ட்ரெய்ட் வாங்குறவங்களுக்கு அவ்வளவா கிடையாது. தலைப்பு எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். "ஆற்றங்கரை", "மாலை நேரம்", "மரங்களும் மாடுகளும்", "புயலுக்கு முன்". ஒரு ஓவியர் இதே தலைப்புல இருபது படம் வரைஞ்சிருப்பாரு, அதனால 1920கள்ல நடந்த ஒரு எக்சிபிஷன் கேட்டலாக்ல "ஆற்றங்கரை"ன்னு ஒரு வரி இருக்குன்னு காட்டினா அது உங்க ஆத்தங்கரை தான்னு என்ன நிச்சயம்? உண்மையான ஒரு கேட்டலாக் வரியை எடுத்து சம்பந்தமே இல்லாத படத்துல ஒட்டுறது இந்த தொழில்ல பழைய தந்திரம், அதுக்கு லேண்ட்ஸ்கேப் மாதிரி சுலபமான இடம் வேற இல்ல. அளவு பொருந்துதா, கேன்வாஸா பலகையா, கையெழுத்து எந்த மூலையில, பழைய நம்பர் ஏதாவது முதுகுல இருக்கா, இதெல்லாம் சேர்ந்து வந்தா மட்டும் ஒத்துக்கோங்க. ஐரோப்பாவுல இருந்த படம்னா 1933ல இருந்து 1945 வரைக்கும் யார் கையில இருந்துச்சுன்னு கட்டாயம் கேளுங்க, அந்த வருஷங்கள்ல நாஜிங்க பறிச்ச படங்கள் இன்னும் வெளிய வந்துட்டு தான் இருக்கு, அதை உரியவங்களுக்கு திருப்பித் தர்றத பத்தி 1998ல வாஷிங்டன்ல 44 நாடுங்க ஒத்துக்கிட்ட கொள்கையே இருக்கு. திருட்டு படமான்னு பாக்க இன்டர்போலோட ஐடி-ஆர்ட் ஆப் இருக்கு, 2021ல விட்டாங்க, ஃப்ரீ தான், ஃபோன்லயே தேடலாம். அதுல இல்லன்னா திருட்டு இல்லன்னு அர்த்தம் ஆகாது, ஆனா இருந்துச்சுன்னா உடனே விலகிடலாம். தெரியாம வாங்கினேன்னு சொன்னாலும் பல நாட்டு சட்டத்துல திருட்டு பொருள் உங்களுது ஆகாது.

இன்னொண்ணு, வீட்டோட மொத்த சாமானையும் ஏலம் விடும்போது சம்பந்தமே இல்லாத டீலருங்க தங்களோட விக்காத சரக்கை நடுவுல சொருகிடுவாங்க, கலெக்டர் பேர்ல அதுவும் சேர்ந்து விலை போகும். ஏலத்துல நம்பர் போட்டு விக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் லாட்னு பேரு, "இந்த லாட் அவரோட வீட்டுல இருந்து வந்தது தானா"ன்னு அந்த குறிப்பிட்ட லாட்டை சுட்டி எழுத்துல கேளுங்க. பதில் சுத்தி வளைச்சு வந்தா புரிஞ்சுக்கலாம்.

முதுகை பாருங்க

படத்தை நேர்ல பாக்கப் போனா எல்லாரும் முன்பக்கம் நின்னு ரசிப்பாங்க, நீங்க திருப்ப சொல்லுங்க. ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா பின்பக்க ஃபோட்டோ, நாலு ஓரம், ஃப்ரேமை விட்டு வெளிய எடுத்த ஃபோட்டோ, கையெழுத்தோட க்ளோசப், இதெல்லாம் அனுப்ப சொல்லுங்க. அனுப்ப மாட்டேன்னு சொன்னா அதோட விட்டுடலாம், வேற படமே உலகத்துல இல்லையா என்ன.

முன்பக்கத்தை பழசு மாதிரி பண்றது சுலபம், முதுகை பண்றது கஷ்டம். நூறு வருஷத்து கேன்வாஸ் பின்னாடி பழுப்பா மாறியிருக்கும், ஆனா ஒரே சீரா இருக்காது, மரச்சட்டம் மறைச்ச இடம் கொஞ்சம் வெளுப்பா இருக்கும். டீ டிகாஷன் மாதிரி ஏதாவது பூசி பழசாக்கினதுல எல்லா இடமும் ஒரே கலர்ல இருக்கும். கேன்வாஸை சட்டத்துல எப்படி அடிச்சிருக்காங்கன்னு பாருங்க, பழைய படத்துல சின்ன ஆணி இருக்கும், துரு கேன்வாஸ்ல இறங்கியிருக்கும், ஸ்டேப்ளர் பின் அடிக்கிறது 20ஆம் நூற்றாண்டு நடுவுல தான் பரவலாச்சு. ஸ்டேப்ளர் இருக்கறதாலேயே போலின்னு முடிவு கட்டிடாதீங்க, நடுவுல யாராவது சட்டம் மாத்தியிருக்கலாம், ஆனா அப்ப ஓரத்துல பழைய ஆணி ஓட்டைங்க இருந்தாகணும். மூலையில சின்ன மர ஆப்பு சொருகியிருக்கும், கேன்வாஸ் தொய்ஞ்சா அதை தட்டி இழுப்பாங்க. மரநாரை அழுத்தி செஞ்ச ஹார்ட்போர்டுல வரைஞ்சுட்டு 1890ன்னு தேதி போட்டிருந்தா சிரிச்சுட்டு வந்துடலாம், அந்த போர்டே 1920கள்ல வந்தது.

முதுகுல இருக்கற ஒவ்வொரு நம்பரையும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க. மரச்சட்டத்துல ஸ்டென்சில் போட்ட கருப்பு எழுத்தும் நம்பரும் பெரும்பாலும் கிறிஸ்டீஸ் ஏலத்துல போட்டது, அதை வச்சு எந்த வருஷம் எந்த ஏலம்னு தேட முடியும். கேன்வாஸ் வித்த கடையோட முத்திரை இருந்தா இன்னும் நல்லது, லண்டன் வின்சர் அண்ட் நியூட்டன் 1832ல ஆரம்பிச்சது, காலத்துக்கு காலம் முத்திரையில இருக்கற விலாசமும் வாசகமும் மாறிட்டே வந்திருக்கு, அதுல இருந்தே படம் எந்த வருஷத்துக்கு முன்னாடி இருக்க முடியாதுன்னு சொல்லிடலாம். பிரெஞ்சு படத்துல சட்டத்து மேல வெறும் "20"ன்னு இருந்தா அதை லாட் நம்பர்னு நினைச்சுடாதீங்க, அது கேன்வாஸ் சைஸ். அங்க மனுஷ உருவத்துக்கு, லேண்ட்ஸ்கேப்புக்கு, கடல் காட்சிக்குன்னு தனித்தனி அளவு உண்டு, 20ஆம் நம்பர் லேண்ட்ஸ்கேப் சைஸ்னா 73க்கு 54 சென்டிமீட்டர், அதே நம்பர் கடல் காட்சின்னா 73க்கு 50. டேப் வச்சு அளந்து பாருங்க, பொருந்தலைன்னா படத்தோட ஓரத்தை யாரோ வெட்டியிருக்கலாம்.

நம்பரோட மதிப்பு என்னன்னு தெரியணும்னா வான் கோவோட மாண்ட்மஜூர் சூரிய அஸ்தமன படத்தை எடுத்துக்கோங்க. அதுவும் லேண்ட்ஸ்கேப், அதுவும் ஒரு தனியார் கலெக்டர் கிட்ட இருந்தது. நார்வேல ஒரு தொழிலதிபர் வாங்கி, போலின்னு யாரோ சொன்னதால பரண்ல போட்டுட்டாரு, 1991ல ஆம்ஸ்டர்டாம் வான் கோ மியூசியமே இது அவரோடது இல்லன்னு திருப்பி அனுப்பிடுச்சு. 2013ல அதே மியூசியம் இது அசல்னு அறிவிச்சுது, பெயிண்ட் ஆராய்ச்சி, வான் கோவோட கடிதத்துல இருந்த வர்ணனை, அதோட கேன்வாஸ் முதுகுல எழுதியிருந்த "180"ங்கற நம்பர், அது வான் கோவோட தம்பி தியோ வீட்டு கலெக்‌ஷனுக்கு போட்ட லிஸ்ட்ல இருக்கற நம்பரோட பொருந்திச்சு. அதனால தான் சொல்றேன், பழைய லேபிள் அசிங்கமா இருக்குன்னு சுரண்டி எடுத்துட்டு விக்கிற வாரிசுங்களை பாத்தா வயிறு எரியும்.

சில படத்துக்கு பின்னாடி இன்னொரு கேன்வாஸ் ஒட்டி பலப்படுத்தியிருப்பாங்க. பழைய ஐரோப்பிய படங்கள்ல இது சகஜம், குறை இல்ல, ஆனா அசல் முதுகுல எழுதினதெல்லாம் உள்ள மறைஞ்சிருக்கும், மெழுகு போட்டு ஒட்டினதா இருந்தா கலரும் கொஞ்சம் இருட்டிப் போயிருக்கும். விலை பேசும்போது இதை சொல்லி பேசலாம்.

இப்ப முன்பக்கம், அதுவும் முக்கியமா வானம்

பகல் வெளிச்சத்துல பாருங்க. கையில ஒரு பத்து மடங்கு லென்ஸ், ஒரு டார்ச், ஒரு சின்ன யூவி டார்ச், இவ்வளவு தான் வேணும். லென்ஸ்ல குட்டி குட்டி புள்ளியா கலர் தெரிஞ்சா அது பிரிண்ட், மேல ஜெல்லை தடவி பிரஷ் கோடு மாதிரி காட்டியிருப்பாங்க. 19ஆம் நூற்றாண்டுலயே ஓலியோகிராஃப்னு அச்சடிச்சு வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியம் மாதிரி வித்திருக்காங்க, அதனால பழைய ஃப்ரேம்ல இருக்கறதால பெயிண்டிங் தான்னு நம்பிடாதீங்க.

டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. கேன்வாஸ் எங்க வீங்கியிருக்கு, எங்க பெயிண்ட் தூக்கிட்டு நிக்குது, எங்க ஒட்டு போட்டிருக்குன்னு பளிச்சுன்னு தெரியும். வெடிப்பு இருந்தா பயப்பட வேண்டாம், பழைய எண்ணெய் ஓவியத்துல வெடிப்பு இல்லைன்னா தான் சந்தேகப்படணும். ஆனா வெடிப்போட விளிம்பு தட்டு மாதிரி மேல வளைஞ்சு நின்னா பெயிண்ட் கொட்டப் போகுதுன்னு அர்த்தம், அந்த படத்தை நகர்த்தறதே ஆபத்து.

லேண்ட்ஸ்கேப்ல ரிப்பேர் வேலை மறைஞ்சிருக்கற இடம் பெரும்பாலும் வானம் தான். மெல்லிசா பூசியிருப்பாங்க, பரப்பளவு பெருசு, ஒரு சின்ன தேய்மானம் கூட கண்ணுல பட்டுடும், அதனால ரிப்பேர் பண்றவங்க அந்த இடத்தோட நிக்காம மொத்த வானத்தையும் புதுசா பூசி விட்டுடுவாங்க. மரமும் பாறையும் முறுக்கா, ஒவ்வொரு பிரஷ் தீத்தலும் உயிரோட இருக்கு, வானம் மட்டும் சுவத்துக்கு பெயிண்ட் அடிச்ச மாதிரி மழமழன்னு இருக்குன்னா அங்க யூவி அடிச்சு பாருங்க. பழைய இயற்கை பிசின் வார்னிஷ் இருட்டுல பச்சையா ஒளிரும், அதுக்கு மேல பின்னாடி பண்ணின டச்-அப் எல்லாம் கருப்பு திட்டா தெரியும். கேன்வாஸோ லேபிளோ நீல வெள்ளையா பளிச்சுன்னு மின்னுச்சுன்னா அதுல சலவைக்கு போடற மாதிரி வெண்மை ஏத்துற கெமிக்கல் இருக்கு, அது 1950 வாக்குல தான் பரவலா புழக்கத்துக்கு வந்துச்சு, 1900 லேபிள்ல இருக்க வழியே இல்ல. யூவி டார்ச்சை மட்டும் நம்பியும் இருக்காதீங்க, டச்-அப் மேல திரும்ப வார்னிஷ் அடிச்சு மறைக்கலாம், யூவியை தடுக்கற வார்னிஷும் இருக்கு.

நீலத்தை பத்தி ஒரு சின்ன விஷயம், தேவைப்பட்டா லேப்ல கேக்கறதுக்கு. பிரஷ்யன் நீலம் 1700களோட ஆரம்பத்துல பெர்லின்ல வந்தது, தாலோ நீலம் 1935ல. 1880ன்னு தேதி போட்ட படத்து வானத்துல ஒட்டு எதுவும் இல்லாத அசல் அடுக்குலயே தாலோ நீலம் வந்தா அதுக்கு மேல பேச்சே இல்ல. விலை கம்மியான படத்துக்கு லேப் செலவு தேவையில்ல, பெரிய பேரு சொல்லி பெரிய விலை கேக்கறாங்கன்னா மட்டும்.

கையெழுத்துக்கு வருவோம். லென்ஸ் வச்சு பாத்தா கையெழுத்தோட பெயிண்டும் படத்தோட பெயிண்டும் சேர்ந்து வெடிச்சிருக்கணும். கையெழுத்து பெயிண்ட் வெடிப்புக்குள்ள வழிஞ்சு இறங்கியிருந்தா படம் காய்ஞ்சு வெடிச்சு பல வருஷம் கழிச்சு எவனோ போட்டது. வார்னிஷுக்கு மேல மிதந்தாலும் அதே தான். லேண்ட்ஸ்கேப்ல இது அடிக்கடி நடக்கும், ஏன்னா பேர் தெரியாத ஓவியரோட நல்ல மலைக்காட்சியில பேர் தெரிஞ்ச ஓவியரோட கையெழுத்து போட்டா போதும், வேற வேலையே இல்ல. 2004ல லண்டன்ல சோத்பீஸ் ஏலத்துக்கு ரஷ்ய ஓவியர் இவான் ஷிஷ்கின் வரைஞ்சதா ஒரு ஓடைக்கரை காட்சி வந்துச்சு, கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க, பாத்தா அது அதுக்கு முந்தின வருஷம் ஸ்வீடன்ல வித்த டச்சு ஓவியர் கூக்கூக்கோட படம், அதுல இருந்த உருவங்களை அழிச்சுட்டு ஷிஷ்கின் கையெழுத்தை போட்டிருக்காங்க. உருவம் இருந்தா டச்சு, இல்லன்னா ரஷ்யா, அவ்வளவு தான் வேலை, விலை பல மடங்கு. அதே மாதிரி வெறும் காட்டுல பின்னாடி ஒரு மாடு மேய்க்கிறவனை சேர்க்கறதும் உண்டு, பாத்தா நல்லா விக்கும்னு.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 2013ல லண்டன் கிறிஸ்டீஸ்ல ஒரு பிரபு குடும்பத்து சாமான்களை வித்தப்ப சாலிஸ்பரி சர்ச் இருக்கற ஒரு சின்ன லேண்ட்ஸ்கேப், இங்கிலாந்து லேண்ட்ஸ்கேப் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் பேரை வச்சு "கான்ஸ்டபிளை பின்பற்றியவர்"னு போட்டு சில ஆயிரம் பவுண்டுக்கு போச்சு. வாங்கினவர் சுத்தம் பண்ணி பாத்தா மேல இருந்த கனமான பெயிண்ட் எல்லாம் பின்னாடி எவரோ "முழுசாக்கறேன்"னு பூசினது, 2015 ஜனவரியில நியூயார்க் சோத்பீஸ்ல அது ஜான் கான்ஸ்டபிளே வரைஞ்சதுன்னு 52 லட்சம் டாலருக்கு போச்சு. இது கான்ஸ்டபிளோடது இல்லன்னு சொன்ன ஆளுங்களும் அப்ப இருந்தாங்க. இதை படிச்சுட்டு நம்மளும் ஒரு கான்ஸ்டபிளை பிடிச்சுடலாம்னு கிளம்பிடாதீங்க, அந்த மாதிரி கண்ணு இருக்கறவங்க வருஷக்கணக்கா ஒரே ஓவியரை பாத்துட்டே இருக்கறவங்க.

கேட்டலாக் எழுத்தை எப்படி படிக்கறது

ஏலக் கேட்டலாக்ல ஒவ்வொரு வார்த்தையும் வக்கீல் பாத்து போட்டது. ஓவியரோட முழுப்பேரு மட்டும் இருந்தா அவர் வரைஞ்சதுன்னு கம்பெனி நம்புது. "அட்ரிபியூட்டட் டு"ன்னா அவரோடதா இருக்கலாம். "சர்க்கிள் ஆஃப்"னா அதே காலத்து வேற ஆள், "ஃபாலோயர் ஆஃப்"னா அவர் பாணியில வரைஞ்ச வேற ஆள், "மேனர் ஆஃப்"னா பிற்காலத்துல யாரோ, "ஆஃப்டர்"னா காப்பி. "சைன்ட்"னு போட்டா கையெழுத்து அவரோடதுன்னு நம்புறாங்க, "பேர்ஸ் சிக்னேச்சர்"னா கையெழுத்து இருக்கு, ஆனா வேற யாரோ போட்டதுன்னு நினைக்கிறாங்கன்னு அர்த்தம். இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துல விலை நூறு மடங்கு மாறும், ஆனா படிக்கிறப்ப பேரு மட்டும் தான் கண்ணுக்கு தெரியும். வாரிசு கிட்ட நேரா வாங்கும்போது இந்த மாதிரி எதுவும் இருக்காது, அதனால ரசீதுல "இன்னார் வரைஞ்சது"ன்னு எழுத சொல்லுங்க. எழுத தயங்கினா விலையும் தயங்கணும்.

விலை

வாரிசுங்க கிட்ட மதிப்பீட்டு சர்டிஃபிகேட் ஒண்ணு இருக்கும், அதை காட்டி தான் விலை கேப்பாங்க. எதுக்காக போட்ட மதிப்பீடுன்னு பாருங்க. இன்ஷூரன்ஸுக்கு போட்டதுன்னா கேலரியில போய் அதே மாதிரி ஒண்ணு புதுசா வாங்க எவ்வளவு ஆகும்னு போடறது, எப்பவும் தூக்கலா இருக்கும். வாரிசு வரி, பாகப்பிரிவினைக்கு போட்டதுன்னா மார்க்கெட்ல அன்னைக்கு என்ன கிடைக்கும்னு போடறது, கம்மியா இருக்கும். ஒரே படத்துக்கு ரெண்டு பேப்பர்ல ரெண்டு விலை இருந்தா யாரும் ஏமாத்தலை, கேள்வி வேற அவ்வளவு தான். நீங்க ரெண்டாவது பேப்பரை கேளுங்க.

அதே ஓவியரோட பழைய ஏல விலைங்களை ஆன்லைன்ல தேடுங்க. அதே சைஸ், அதே மீடியம், அதே காலகட்டம் இருக்கறதை மட்டும் ஒப்பிடுங்க, வாட்டர்கலரையும் ஆயிலையும் சேர்த்து போட்டு சராசரி எடுக்காதீங்க. விக்காம போன லாட்டுங்களையும் பாருங்க, அதுல தான் உண்மை தெரியும். விலை போகாம நின்ன படத்துக்கு ஏலம் முடிஞ்ச மறுநாள் போன் போட்டு ஒரு நியாயமான தொகை சொன்னா பல நேரம் குடுத்துடுவாங்க.

ஏலத்துல எடுக்கறதா இருந்தா சுத்தியல் தட்டி முடிக்கிற விலை தான் கடைசி விலைன்னு நினைச்சுடாதீங்க. பெரிய கம்பெனிங்க அதுக்கு மேல 20 சதவீதத்துக்கும் அதிகமா பையர்ஸ் பிரீமியம்னு வாங்குறவங்க கிட்ட தங்களோட கட்டணம் போடுவாங்க, அதுக்கு மேல வரி, ஷிப்பிங், இன்ஷூரன்ஸ். ஐரோப்பாவுல ஓவியர் இறந்து 70 வருஷம் ஆகலைன்னா மறுவிற்பனை உரிமைத்தொகைன்னு ஓவியருக்கோ அவரோட வாரிசுக்கோ போற ஒண்ணு வேற வரலாம். எல்லாத்தையும் கூட்டி ஒரு தொகை முடிவு பண்ணி அதுல இருந்து பின்னாடி கணக்கு போட்டு வாங்க, எந்த எண்ணுல கையை கீழ போடணும்னு பேப்பர்ல எழுதி முன்னாடி வச்சுக்கோங்க. நாடு விட்டு நாடு கொண்டு போறதா இருந்தா வயசும் மதிப்பும் பொறுத்து ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம், காசு கட்டறதுக்கு முன்னாடி விசாரிக்கணும்.

படத்தோட நிலைமையை சொல்ற கண்டிஷன் ரிப்போர்ட்டை ஏலக் கம்பெனி கிட்ட கேட்டா ஃப்ரீயாவே குடுப்பாங்க. அதுல இருக்கற குறைங்களை சரி பண்ண எவ்வளவு ஆகும்னு படங்களை சீர் பண்ற கன்சர்வேட்டர் ஒருத்தர் கிட்ட ஃபோட்டோ காட்டி கேட்டுட்டு அந்த தொகையை விலையில கழிச்சுடுங்க. அழுக்கு வார்னிஷ்னா சரியாயிடும், பழைய ஆளுங்க கடுமையா தேய்ச்சு கழுவினதுல பெயிண்டே போயிருந்தா அது திரும்ப வராது. ஒருத்தரோட பேருக்கும் ஆசைப்படாம, படம் பிடிச்சிருக்கு, நிலைமை நல்லா இருக்கு, கையெழுத்து இல்லன்னா கூட பரவால்லன்னு வாங்குறது தான் என் பார்வையில ரொம்ப நிம்மதியான வாங்கல், விலையும் கைக்கு அடக்கமா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்

பெயிண்ட் மேல பபிள் ராப் நேரா படக்கூடாது, வட்ட வட்டமா அச்சு விழுந்துடும். முன்பக்கத்துக்கு வழுவழுப்பான பேப்பர், மூலைக்கு அட்டை, அப்புறம் தான் மத்ததெல்லாம், கார்ல படுக்க போடாம நிமிர்த்தி வைங்க.

ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு, வெங்காயம் வச்சு துடைச்சா பளிச்சுன்னு ஆகும்னு வீடியோ போடுவாங்க, தயவு செஞ்சு வேண்டாம், துகள் வெடிப்புல மாட்டிக்கிட்டு பூஞ்சை பிடிக்கும். பஞ்சுல எச்சில் தொட்டு சுத்தம் பண்றது கன்சர்வேட்டருங்க உண்மையாவே பண்றது தான், அதுல இருக்கற என்சைம் அழுக்கை கரைக்கும், ஆனா அவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியும். 19ஆம் நூற்றாண்டு பச்சையில சிலது ஆர்சனிக் கலந்தது, லேண்ட்ஸ்கேப்ல பச்சைக்கா பஞ்சம், அதனால பஞ்சை திரும்ப வாயில வைக்கிற வேலையே வேண்டாம். மெத்துன்னு ஒரு பிரஷ்ல தூசி தட்டினா போதும், பெயிண்ட் தூக்கிட்டு இருந்தா அதுவும் கூடாது.

வெயில் நேரா படற சுவரு, ஈரம் இறங்குற சுவரு, சமையல் புகை வர்ற இடம், ஹீட்டருக்கு மேல, இங்கெல்லாம் மாட்டாதீங்க. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தோட அளவு) வரைக்கும் வெளிச்சம் தாங்கும், வாட்டர்கலர்னா 50 தான், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறி இறங்காம இருந்தா நல்லது, ஏறி இறங்கறது தான் பெயிண்டை உடைக்கும். ஒரே கொக்கியில தொங்க விடாம ரெண்டு கொக்கி போடுங்க. ஃப்ரேம் பிடிக்கலைன்னு மாத்தினா பழைய ஃப்ரேமையும் அதுல இருந்த லேபிளையும் தூக்கிப் போடாம எடுத்து வைங்க. ரசீது, வாரிசோட கையெழுத்து போட்ட பேப்பர், பின்பக்க ஃபோட்டோ எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு ஒரு காப்பி வேற இடத்துல வச்சுடுங்க, கவரை படத்து முதுகுலயே ஒட்டி வைக்காதீங்க, படம் திருடு போனா பேப்பரும் சேர்ந்து போயிடும்.

அப்புறம் ஒண்ணு, படம் உங்களுதுன்னாலும் காப்பிரைட் உங்களுது இல்ல. ஓவியர் உயிரோட இருந்தாலோ, இறந்து ரொம்ப வருஷம் ஆகலைன்னாலோ அதை பிரிண்ட் போட்டு விக்கறது, காலண்டர் அடிக்கறது எல்லாம் அவரோட வாரிசுங்களை கேட்டுட்டு தான் பண்ணணும், உங்களுக்கு படத்தை வித்த கலெக்டரோட வாரிசுங்க சரின்னு சொன்னாலும் அது செல்லாது.